கேட்டுக் கீறிய மாடு

நெடுங்கேணி வீரகத்தியர் ஒரு மனிதரை முதன்முறை காணும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. ஆள் என்ன கொண்டு வந்திருக்கிறான், அது ஆருடைய பொருள் என்றுதான் பார்ப்பார். காட்டோரத்தில் மாடு வளர்க்கிறவனுக்கு வேறு வழி கிடையாது. மாடு காட்டில் மேயும். காட்டுக்கு வேலி இல்லை. தொடையில் சுட்ட குறி ஒன்றுதான் வேலி.

முன்னொருமுறை அவருடைய சோடி எருதுகள் காணாமற்போயின. தேடித் திரிந்து, அதில் ஒன்றை மாங்குளம் பக்கம் ஒரு வண்டியில் பூட்டியிருக்கக் கண்டார். தொடையில் அவருடைய வேல் வடிவ வேற்குறி இருந்த இடத்தில் புதுச் சூடு புண்ணாய்க் கிடந்தது. அந்த வேல் அடையாளத்தை மறைத்து எவனோ அதன்மேல் ஒரு பூவைச் சுட்டிருந்தான். "இது என்ர மாடு" என்றார் வீரகத்தியர். "அப்ப உன்ர குறியைக் காட்டு" என்றான் வண்டிக்காரன். காட்ட முடியவில்லை. எருது மட்டும் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. எருதின் சாட்சியை ஊருக்குப் பொறுப்பான எந்த விதானையார் எழுதுவார்?

அன்றிலிருந்து வீரகத்தியருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்தான். குறி வைக்கிறவன் ஒருவன், குறி அழிக்கிறவன் மற்றவன். இரண்டாவது வகைதான் தொகையில் கூட என்பது அவருடைய கணிப்பு.

அந்தப் புரட்டாதியில் புளியங்குளம் பக்கம் அடைப்பன் விழுந்துவிட்டதென்று கதை வந்தது. பொல்லாத நோய். காலையில் மேய்ந்த மாட்டுக்குத் தொண்டை வீங்கும், மூச்சு இழுக்கும், பொழுதுபடக் கால் நீட்டிவிடும். மழை தொடங்கினால் இன்னும் பரவும். அதற்கு முன் தடுப்பூசி போடவும், நோயைப் பற்றி ஊருக்கு வகுப்பு நடத்தவும் செல்வநாயகம் என்று ஒருவரை அரசாங்கம் அனுப்பியது. நாற்பது வயது மதிக்கலாம், வெள்ளைக் காற்சட்டை. உத்தியோகப் பெயர் கால்நடைப் போதனாசிரியர். ஊர்ச் சனம் அவரை மாட்டு டொக்டர் என்று கூப்பிட்டது. அவரும் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததை வீரகத்தியர் மனதில் முடிந்து வைத்தார். தனக்கில்லாத பேரைச் சும்மா வாங்கிப் போடுகிற ஆள்.

வகுப்பு கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தில் நடந்தது. சுவரில் தடித்தாளில் ஒரு பெரிய மட்டை தொங்கியது. அதில் வர்ணத்தில் ஒரு மாடு. தொண்டையில் சிவப்பு வீக்கம், பக்கத்தில் அம்புக்குறி, கீழே தமிழில் விளக்கம். ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். படம் அப்படி உயிரோடு நின்றது.

"இந்தப் படத்தை வவுனியாவில அச்சடிச்சு எல்லா ஊருக்கும் குடுக்கப் போகினம்" என்றார் செல்வநாயகம். குரலில் ஒரு நிமிர்வு. "என்ர பேரோட."

வீரகத்தியர் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பி மட்டைக்குக் கிட்டப் போனார். தலையைப் பார்க்கவில்லை, வீக்கத்தையும் பார்க்கவில்லை. நேரே பின்தொடைக்குப் போனார். தொடை துடைத்த கோப்பை மாதிரி வெறுமையாக இருந்தது.

"இது ஆற்ர மாடு?"

"ஒருத்தற்ர மாடும் இல்லை. படம்."

"திமில் இல்லை. கொம்பு கட்டை. உப்பிடி மாடு இந்தப் பக்கம் இல்லை. எங்க கண்டனீர்?"

"நான் கீறினது, பெரியவர்."

"கண்டு கீறினீரோ, காணாமல் கீறினீரோ?"

சனம் சிரித்தது. ஐயாத்துரை, வீரகத்தியரின் பக்கத்து மாட்டுப் பட்டிக்காரர், "விடு மச்சான், படத்து மாட்டுக்கும் விதானையார் சீட்டு எழுத வேணுமோ?" என்று கேட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. செல்வநாயகமும் சிரித்தார். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதையும் வீரகத்தியர் முடிந்து வைத்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை எல்லாரும் மாடுகளைப் பட்டிக்குள் அடைத்து வைக்க வேண்டும், தான் வந்து ஊசி போடுவேன் என்று சொல்லி வகுப்பு முடிந்தது.

வீரகத்தியருடைய உயிர் அந்தப் பட்டியில்தான் கிடந்தது. வயல் மழையை நம்பியது, மழை ஆரையும் நம்பாது. மாடுதான் உழுதது, பால் தந்தது, மகளுக்குச் சீதனமாகப் போனது. அதற்குள் தெரியாத ஒருவன் தெரியாத மருந்தை ஏற்றப் போகிறான். சும்மா விடலாமோ? ஆளை அறிய வேண்டும் என்று அடுத்த நாள் காலையில் செல்வநாயகம் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார்.

டொக்டர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். "இருங்கோ, வாறன்" என்று குரல் கொடுத்தார். வீரகத்தியர் கதிரையில் இருக்கவில்லை. கண் போன இடம் மேசை. மேசையில் பளபளத்த தாளில் ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகம், மூடாமல் இருக்க ஒரு கல்லு வைத்து விரித்துக் கிடந்தது. விரித்த பக்கத்தில் அந்த மாடு நின்றது. அதே திமிலில்லா முதுகு, அதே கட்டைக் கொம்பு, வாலை இடப்பக்கம் வீசின அதே வீச்சு. தொண்டையில் அதே வீக்கம்.

படத்துக்குக் கீழே, மூலையில், சின்னதாய் ஒரு அடையாளம். ஒரு வட்டம். வட்டத்துக்குள் வாய் திறந்த ஒரு பிறை.

வீரகத்தியருக்கு இங்கிலீசு தெரியாது. தமிழிலும் தன் பேரைக் கையெழுத்தாக வைக்கத்தான் தெரியும். ஆனால் வன்னியில் எந்தக் குறி ஆருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. வட்டத்துக்குள் பிறை யஹ்யாவின் குறி. தண்ணீரூற்று யஹ்யா, மாட்டு வியாபாரி, சொந்தத்திலும் ஒரு பட்டி வைத்திருக்கிறவன்.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். சுவரில் தொங்கும் மாட்டில் குறி இல்லை. புத்தகத்து மாட்டில் யஹ்யாவின் குறி. அப்ப இந்த டொக்டர் குறி அழிக்கிற கை. யஹ்யாவும் கூட்டு. ஊசி போட்டு மாட்டை விழுத்துவான் ஒருவன், நோய் மாடென்று அரை விலைக்கு வாங்க வந்து நிற்பான் மற்றவன். மருந்தென்ன மருந்து, வலையல்லவோ விரிக்கிறார்கள்!

செல்வநாயகம் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "என்ன பெரியவர், காலமை வந்திருக்கிறியள்?"

"அந்தச் சுவர் மாட்டைக் கீறினது ஆர்?"

"நான்தானெண்டு சொன்னனே."

"ஓம். சொன்னனீர்." வீரகத்தியர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பொய் இரண்டாந்தரமும் அதே முகத்தோடு வந்தால் அது பழகின பொய்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீரகத்தியரின் பட்டி விடியவே காட்டுக்குப் போய்விட்டது. அவர் மாட்டை அவிழ்த்துவிட்டதைக் கண்ட ஐயாத்துரையும் தன் பட்டி வாசலின் கடப்புத் தடியை இழுத்தார். பிறகு மற்றவர்களும். ஆருக்கும் காரணம் முழுக்கத் தெரியாது. 'யஹ்யாவும் டொக்டரும் கூட்டாம்' என்ற கதை மட்டும் ஓடியது. செல்வநாயகம் ஊசிப்பெட்டியும் கையுமாக வெறும் பட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஊர் முழுக்கச் சைக்கிள் உழக்கினார்.

நோய்க்குக் கதை கேட்கிற பழக்கம் இல்லை. அடுத்த கிழமை தொடங்கும்போதே வீரகத்தியரின் செவலை நாம்பன் தண்ணீர் குடிக்க மறுத்தது. வண்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்த இளம் காளை. மத்தியானம் தொண்டை பானைபோல வீங்கியது. வீரகத்தியர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். பொழுது சாய்வதற்குள் அது அவருடைய காலடியிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தது.

மனைவி இலட்சுமி செத்த காளையைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"குறி பாத்தியள், கொம்பு பாத்தியள், வாலும் பாத்தியள். இப்ப மாடு போயிட்டுது. இனி ஆற்ர குறியைப் பாக்கப் போறியள்?"

"நீ வாயை மூடு. உனக்கு உள்ளுக்க நடக்கிறது தெரியாது."

"எனக்குத் தெரியிறது வெளியில கிடக்கிறதுதான்" என்று காளையைக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

காளையைப் புதைத்துவிட்டு மண்வெட்டியோடு நிற்கும்போதே வேலிப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. யஹ்யா. வெயிலில் வந்த முகம் தொப்பிக்குக் கீழே கறுத்திருந்தது.

"வீரகத்தியண்ணை, முள்ளியவளைச் சந்தையில ஒரு கதை கேட்டன். நான் டொக்டரோட சேந்து உங்கட மாட்டைத் தட்டிப் பறிக்கப் போறனாம். ஆர் சொன்னது?"

"நான்தான்."

யஹ்யா இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பார் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். "ஏன்?"

"உன்ர குறி அவன்ர புத்தகத்தில கிடக்கு. இந்தக் கண்ணால கண்டனான்."

"அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. வாங்கோ, போய்ப் பாப்பம். இப்பவே."

"வாறன். நீ முன்னால நட."

"ஏனண்ணை?"

"பின்னால வாறவனை எனக்குத் தெரியாது. முன்னால போறவனைத் தெரியும்."

யஹ்யா சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே போனான். வீரகத்தியர் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி பின்னே போனார். பார்த்தவர்கள் ஏதோ புதைக்கப் போகிறார்களென்று நினைத்திருப்பார்கள்.

செல்வநாயகம் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கண்டதும் எழும்பிவிட்டார். வீரகத்தியர் புத்தகத்தை இழுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி, மூலையில் விரலை ஊன்றினார். "இது என்ன?"

யஹ்யா குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். "என்ர குறி மாதிரித்தான் கிடக்கு. ஆனா வீரகத்தியண்ணை, வெள்ளைக்காரன்ர ஊரில எனக்கொரு பட்டி கிடக்கெண்டு வீட்டில ஸாலிஹாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. நாளைக்கே காப்புக் கேப்பா."

"சிரியாதை. நீர் சொல்லும்" என்றார் வீரகத்தியர் டொக்டரிடம். "இது ஆற்ர குறி?"

செல்வநாயகம் கதிரையில் இருந்தார். "இது மாட்டுக்குப் போட்ட குறி இல்லை, பெரியவர். புத்தகத்துக்குப் போட்டது. இதில கிடக்கிற எழுத்தும் படமும் இன்னாருக்குச் சொந்தம், அவரைக் கேளாமல் ஒருத்தரும் எடுத்துப் போடக்கூடாது எண்டு அதுக்குக் கருத்து. பக்கத்தில பேரும் வருஷமும் கிடக்கு."

வீரகத்தியர் மூலையிலிருந்து விரலை எடுக்கவில்லை. யஹ்யா மேல் வைத்த சந்தேகம் கழன்று விழுந்தது. மற்றச் சந்தேகம் இறுகியது.

"அப்ப குறிதானே?"

"... ஓம். ஒரு விதத்தில குறிதான்."

"நீர் கேட்டனீரோ?"

செல்வநாயகம் பேனையை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார்.

"மாடொண்டு வாங்கினால் விதானையார் சீட்டு வேணும். சீட்டில்லாமல் ஓட்டிக்கொண்டு போனால் அதுக்கு எங்கட ஊரில என்ன பேர் தெரியுமோ? உந்தப் படத்துக்குச் சீட்டு எங்க?"

"பாடம் சொல்லத்தானே பெரியவர் எடுத்தன். வித்துக் காசாக்கேல்லை."

"என்ர எருதையும் உழத்தான் கொண்டு போனவன். தின்னக் கொண்டு போகேல்லை."

"கை என்ர கை. பாத்துப் பாத்து நான்தான் கீறினனான்."

"பூவைச் சுட்டவனும் தன்ர கையாலதான் சுட்டவன்."

யஹ்யாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, படம் களவெண்டாலும் மருந்து களவில்லையே. ஒரு நாம்பன் போயிட்டுது. மற்றதுகளைப் பாருங்கோ. என்ர பட்டிக்குப் போன மாதம் போட்டவை, ஒண்டும் விழேல்லை."

"உன்ர மாடு விழேல்லை, சரி." வீரகத்தியர் மண்வெட்டியை இறக்கி வைத்தார். "படத்தைப் பற்றி இரண்டுதரம் கேட்டன். இரண்டுதரமும் நானெண்டவர். படத்தில பொய் சொன்ன வாய் மருந்தில மெய் சொல்லுமெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? எனக்கு எழுத்துத் தெரியாது. குப்பியில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிக்க மாட்டன். அவற்ர வாயைத்தானே நான் நம்ப வேணும்?"

செல்வநாயகம் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்: "போன வருஷம் நான் கீறின கோழி நோய்ப் படமொண்டை வேறொருத்தர் தன்ர பேரில தொங்கவிட்டவர். மேலதிகாரியின்ர கந்தோரில நிண்டு கத்தினனான். வயிறு எரிஞ்சுது."

"அப்ப சூடுபட்ட ஆள்தான்" என்றான் யஹ்யா.

"சூடுபட்டவன்தான் மற்றவனுக்குக் கூடுதலாச் சுடுவான்" என்றார் வீரகத்தியர். மண்வெட்டியை எடுத்தார்.

"நாளைக் காலமை வாறன்" என்றார் செல்வநாயகம். "மாட்டைக் காட்டுக்கு விடாதேங்கோ."

"வாரும். பாப்பம்."

வந்தார். சைக்கிளில் ஒரு பக்கம் ஊசிப்பெட்டி, மறு பக்கம் சுருட்டின மட்டை. அவருக்குப் பின்னால் யஹ்யாவும் வந்தான், நடக்கப்போகிற கூத்தை விட மனமில்லாமல். செல்வநாயகம் மட்டையை வேலியில் விரித்துக் கட்டினார். மாட்டுக்குக் கீழே புதிதாக மையில் எழுதியிருந்தது. மூலையில் அந்த வட்டமும் பிறையும் இருந்தன.

"அச்சடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி வவுனியாவுக்கு எழுதிப் போட்டன். புத்தகக்காரருக்கும் எழுதியிருக்கிறன். பதில் வராட்டில் இந்த மட்டையை இனி வகுப்பில தொங்கவிட மாட்டன்."

"என்ன எழுதியிருக்கிறீர்?"

"வாசிக்கட்டோ?"

"நீர் வாசிக்க வேண்டாம்." வீரகத்தியர் யஹ்யாவைக் கூப்பிட்டார். டொக்டரைப் பட்டிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். "இப்ப வாசி. மெள்ள."

யஹ்யா வாசித்தான்: "இது என் சொந்தப் படம் அன்று. கீழே பெயர் குறித்த புத்தகத்தில் உள்ளதைப் பார்த்துக் கீறினேன். உரியவரை முன்பு கேட்கவில்லை. இப்போது கேட்டிருக்கிறேன்."

யஹ்யாவை மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டு ஐயாத்துரையைக் கூப்பிட்டார். ஐயாத்துரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதே சொல்லு. ஐயாத்துரையையும் அனுப்பிவிட்டு இலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தாள். அதே சொல்லு.

"மூண்டு பேரும் கூட்டெண்டால் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள்.

"உன்னைக் கட்டினதே தெரியாத்தனம்" என்றார். ஆனால் கடப்புக்குப் போய்த் தடிகளை ஒவ்வொன்றாக இழுத்தார்.

"முதல்ல அந்தக் கிழட்டு நொண்டிக்குப் போடும். அது நிண்டால் மற்றதுகளுக்கு."

நொண்டிப் பசுவுக்கு ஊசி ஏறியது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். பசு ஒருதரம் உதைத்தது. பிறகு நின்று அசைபோட்டது. சாணி போட்டது. வீரகத்தியர் அதன் கண்ணை, மூக்கை, தொண்டையைத் தடவிப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. "அண்ணை, அது நாளைக்கும் அசைபோடும். நாங்கள் நிப்பமோ தெரியாது" என்றான் யஹ்யா.

"ம். மற்றதுகளுக்கும் போடும்" என்றார் வீரகத்தியர்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன்னமே ஐயாத்துரையின் பட்டியும் திறந்தது, மற்றவையும் திறந்தன. அதற்குப் பிறகும் வீரகத்தியரின் கன்றொன்று போனது. ஊசி ஏறமுன்னமே நோய் ஏறிய கன்று என்றார் செல்வநாயகம். வீரகத்தியர் நம்பவில்லை. ஆனால் மற்ற மாடுகளெல்லாம் நின்றன. அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஊசிப்பெட்டியைக் கட்டும்போது செல்வநாயகம் நின்றார். செத்த நாம்பனின் தாய்ப்பசு வேலியோரம் நின்றது. திமிலும் நீண்ட கொம்பும் உள்ள நல்ல நாட்டு மாடு.

"பெரியவர், உந்தப் பசுவைக் கீறட்டோ? வகுப்புக்குப் புதுப்படம் வேணும்."

"ஏன் கேக்கிறீர்? முந்தின மாட்டைக் கேளாமல்தானே கீறினீர்."

"அதாலதான் கேக்கிறன்."

வீரகத்தியர் பசுவைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். "கீறும். ஆனால் குறி போடப்படாது."

யஹ்யா தலையில் கை வைத்தான். "அண்ணை! குறி இல்லையெண்டுதானே இவ்வளவு கூத்தும்?"

"என்ர வேற்குறியை மட்டையில கீறி ஊரூராத் தொங்கவிட்டால் கண்ட களவாணியெல்லாம் பாத்துப் பழகி அதே குறிக்குச் சூட்டிரும்பு அடிப்பான். தொடை வெறுமையா இருக்கட்டும். ஆற்ர மாடெண்டு எழுத்தில கிடக்கட்டும். எழுத்தைச் சுடேலாது."

செல்வநாயகம் சிரித்துவிட்டு, ஒரு மரக்குற்றியில் இருந்து கீறினார். வீரகத்தியர் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றார்.

படம் சங்கக் கட்டிடத்தில் ஏறியது. கீழே இப்படி எழுதியிருந்தது: 'நெடுங்கேணி வீரகத்தியின் பட்டிப் பசு. கேட்டுக் கீறியது செல்வநாயகம்.' அச்சடித்து மற்ற ஊர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றபோது செல்வநாயகம் திரும்ப வந்து கேட்டார். வீரகத்தியர் ஒரு நாள் யோசித்துத்தான் ஓமென்றார்.

அதற்குப் பிறகு சங்கத்துக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் வீரகத்தியர் முதலில் படத்தடிக்குப் போவார். தொடையைப் பார்ப்பார். வெறுமையாக இருக்கும். பிறகு அங்கே நிற்கிற ஆரையாவது கூப்பிடுவார்.

"ஐயாத்துரை, அந்தக் கீழ் எழுத்தை வாசி."

"நேற்றும் வாசிச்சனே மச்சான்."

"நேற்று வாசிச்சது நேற்று. இண்டைக்கு என்ன கிடக்கெண்டு பார்."